கேம் பெட்டியில் படம் பார்ப்பதா? முதலில் அந்தப் பெட்டிக்காரரின் எதிரி யார் என்று பாருங்கள்

டிவிக்குக் கீழே ஒரே ஒரு பெட்டி வைக்கத்தான் இடம், அதிலேயே கேம் விளையாட வேண்டும், அதிலேயே படமும் பார்க்க வேண்டும், எதை வாங்கலாம்? இப்படி யாராவது கேட்டால் கிராஃபிக்ஸ், ஸ்டோரேஜ், விலை என்றுதான் பதில்கள் வரும். பெட்டியைச் செய்யும் கம்பெனிக்குச் சொந்தமாக சினிமா ஸ்டூடியோ இருக்கிறதா, இல்லையென்றால் ஸ்டூடியோ வைத்திருக்கும் யாரோடாவது அதற்குப் போட்டியா என்று யாரும் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஏன் என்று புரிய 2008 கடைசியில் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னாலே போதும். அப்போது அங்கே ஒருவர் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, எது தேறியது, எது சொதப்பியது என்று முதலில் ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் இன்றைய பெட்டிகளுக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு ஜூலையில் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட் ஒரு அறிவிப்பு செய்தது: நெட்ஃபிளிக்ஸ் படங்களை நேரடியாக டிவியில் ஓட்டும் ஒரே கேம் பெட்டி தன் எக்ஸ்பாக்ஸ் 360 தான். நெட்ஃபிளிக்ஸ் என்றால் அதுவரை பெரும்பாலானவர்களுக்குத் தபாலில் வரும் சிவப்பு உறை, உள்ளே டிவிடி. 2007-லிருந்து கம்ப்யூட்டரில் நேரடியாகவும் பார்க்க முடிந்தது, ஆனால் வீட்டுக் கூடத்து டிவிக்கு அது இன்னும் அவ்வளவாக வந்து சேரவில்லை. நவம்பர் 19 அன்று எக்ஸ்பாக்ஸுக்குப் புது முகப்பு வந்தது, கூடவே நெட்ஃபிளிக்ஸும் வந்தது. வந்த கையோடு இன்னொன்றும் தெரிந்தது. கொலம்பியா பிக்சர்ஸ் படங்கள் பல எக்ஸ்பாக்ஸில் ஓடவில்லை. அதே கணக்கு, அதே மாதச் சந்தா, அதே படம், கம்ப்யூட்டரில் ஓடுகிறது, ரோகு என்ற குட்டிப் பெட்டியில் ஓடுகிறது, எக்ஸ்பாக்ஸில் மட்டும் இல்லை. உரிமம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றது நெட்ஃபிளிக்ஸ். கொலம்பியா யாருடையது? சோனியுடையது. பிளேஸ்டேஷன் யாருடையது? அதுவும் சோனியுடையது. மீதியை மக்களே கூட்டிக் கழித்துக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கொலம்பியா படத்தின் டிவிடியை அதே நெட்ஃபிளிக்ஸ் உங்கள் வீட்டுக்குத் தபாலில் அனுப்பும், நீங்கள் அதை அதே எக்ஸ்பாக்ஸின் டிவிடி டிரைவில் போட்டு நிம்மதியாகப் பார்க்கலாம். யாரும் தடுக்க முடியாது. ஏனென்றால் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவுப்படி, முறையாக விற்கப்பட்ட ஒரு பிரதியை வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம், வாடகைக்கு விடலாம். படத்துக்கு இந்தச் சலுகை உண்டு, இசைத்தட்டுக்கு அங்கே வாடகை விஷயத்தில் விதிவிலக்கு இருக்கிறது, அது வேறு கதை. ஆக, டிவிடி தொழிலில் நெட்ஃபிளிக்ஸ் எந்த ஸ்டூடியோவிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, கடையில் வாங்கிக்கூட அனுப்பிவிடலாம். ஸ்ட்ரீமிங்கில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை. அங்கே கைமாறும் பொருள் என்று ஒன்றே கிடையாது, இருப்பது அனுமதி மட்டும்தான். அந்த அனுமதியை எந்த நாட்டில், எத்தனை மாதம், எத்தனை பேருக்கு, எந்தக் கருவியில் என்று உரிமையாளர் எப்படி வேண்டுமானாலும் துண்டு போடலாம். எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு அன்று தட்டுப்பட்டது இந்தக் கடைசித் துண்டு. படம் பார்ப்பது தட்டிலிருந்து வயருக்கு மாறியபோது பார்வையாளர் இழந்தது எவ்வளவு என்று அதுவரை பலருக்கு உறைக்கவே இல்லை.

சோனி ஏன் ஸ்டூடியோவை வாங்கியது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தன் பீட்டாமேக்ஸ் வீடியோ டேப்பை வைத்துக்கொண்டு, விஎச்எஸ் என்ற போட்டி டேப்பிடம் தோற்ற கம்பெனி அது. கருவி மட்டும் கையில் இருந்தால் போதாது, அதில் ஓட வேண்டிய சரக்கும் கையில் இருக்க வேண்டும் என்று அந்தத் தோல்வியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1988-ல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக் கம்பெனி, 1989-ல் 340 கோடி டாலருக்குக் கொலம்பியா. டிவிடிக்கு அடுத்த தலைமுறைத் தட்டு எது என்று புளூ-ரேவுக்கும் எச்டி டிவிடிக்கும் சண்டை வந்தபோது அந்த முதலீடு வேலை செய்தது. சோனி 2006-ல் பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே புளூ-ரே டிரைவை வைத்து 499, 599 டாலர் என்று கண்ணைக் கட்டும் விலையில் விற்றது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸுக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் எச்டி டிவிடி டிரைவை 199 டாலருக்குக் கொடுத்தது. யுனிவர்சல் ஒரு பக்கம், சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் இன்னொரு பக்கம், பாரமவுண்ட் நடுவில் பக்கம் மாறியது. 2008 ஜனவரியில் வார்னர் புளூ-ரே பக்கம் சாய, பிப்ரவரியிலேயே தோஷிபா தன் எச்டி டிவிடியைக் கைவிட்டது. தனியாக அந்த டிரைவை வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் எக்ஸ்பாக்ஸில் வந்து இறங்கியது இந்தத் தோல்வி நடந்து ஒன்பதே மாதத்தில். தட்டில் தோற்ற கம்பெனி வயரில் முந்தப் பார்க்கிறது, தட்டில் ஜெயித்த கம்பெனியின் படங்கள் அங்கே மட்டும் ஓட மறுக்கின்றன.

சரி, அன்று கடைக்குப் போனவருக்கு என்ன வழி?

முதலில் எக்ஸ்பாக்ஸ் 360. செப்டம்பரில் விலை குறைத்து, அடிமட்ட மாடல் 199 டாலர், நடுவில் உள்ளது 299. பார்க்க மலிவு. ஆனால் அதில் நெட்ஃபிளிக்ஸ் ஓட இரண்டு சந்தா வேண்டும். நெட்ஃபிளிக்ஸுக்கு மாதம் குறைந்தது 8.99 டாலர், அது எங்கே பார்த்தாலும் கட்ட வேண்டியதுதான். அதற்கு மேல் மைக்ரோசாஃப்டுக்கு எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு, வருடத்துக்கு சுமார் 50 டாலர். ஆன்லைனில் மற்றவரோடு விளையாடுகிறவர் எப்படியும் அதைக் கட்டுவார். விளையாடாமல் படம் மட்டும் பார்க்கிறவரும் கட்ட வேண்டும் என்பதுதான் எரிச்சல். டிக்கெட் எடுத்தவரிடம் தியேட்டர் கேட்டைத் திறக்க இன்னொரு தடவை காசு கேட்கிற மாதிரி. சோனி படத்தைத் தடுத்தார்கள் என்று மைக்ரோசாஃப்ட் பக்கம் நின்று வாதாடியவர்கள் இந்தக் கேட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அது போக, படம் வாடகைக்கு எடுக்க மைக்ரோசாஃப்டின் சொந்தக் கடையும் 2006-லிருந்தே இருந்தது. அங்கே விலை டாலரில் இல்லை, பாயிண்டில். 80 பாயிண்ட் ஒரு டாலர். எடுத்த படத்தைப் போட ஆரம்பித்துவிட்டால் 24 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது பிளேஸ்டேஷன் 3. 2008 கடைசியில் 399 டாலர். எக்ஸ்பாக்ஸை விட இரு மடங்கு என்று முதல் பார்வையில் பயமுறுத்தும், ஆனால் மூன்று வருடக் கோல்டு சந்தாவை எக்ஸ்பாக்ஸ் விலையோடு கூட்டினால் அதுவும் 350 டாலர் பக்கம் வந்துவிடுகிறது, பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஆன்லைன் இலவசம். புளூ-ரே டிரைவ் உள்ளேயே இருந்தது, மென்பொருள் அப்டேட்டில் புது வசதிகளும் வந்துகொண்டிருந்தன. தனியாக விற்ற பல புளூ-ரே பிளேயர்களை விட இதுவே நல்லது என்று ஹோம் தியேட்டர் ஆட்களே சொன்ன காலம் அது. சோனியும் அந்த ஜூலையில்தான் தன் ஸ்டோரில் படம் விற்கவும் வாடகைக்கு விடவும் ஆரம்பித்திருந்தது, வாங்கியதை பிஎஸ்பி கைக்கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம். சோனி கருவியிலிருந்து சோனி கருவிக்கு, அவ்வளவுதான். நெட்ஃபிளிக்ஸ் இல்லவே இல்லை. அது மைக்ரோசாஃப்டின் ஒப்பந்தம் செய்த வேலை. ஒருபக்கம் சில படங்கள் இல்லை, மறுபக்கம் முழு சேவையே இல்லை. யார் அதிகம் தடுத்தார்கள் என்று எண்ணினால் இரண்டாவது பெரிய தடை, ஆனால் அன்று சத்தம் வந்ததெல்லாம் முதலாவதற்கு. இல்லாத கடையை யாரும் திட்டுவதில்லை, இருக்கும் கடையில் பொருள் இல்லை என்றால்தான் கோபம் வரும்.

மூன்றாவது வழி ரோகு. மே 2008-ல் வந்த குட்டிப் பெட்டி, 99.99 டாலர், கேம் கிடையாது, டிஸ்க் கிடையாது, நெட்ஃபிளிக்ஸ் தவிர அப்போது வேறு எதுவும் கிடையாது. ஆனால் கொலம்பியா படம் ஓடியது, கோல்டு சந்தா தேவையில்லை. இந்தப் பெட்டியின் பூர்வீகம்தான் இந்தக் கட்டுரைக்கே முக்கியமான விஷயம். அது நெட்ஃபிளிக்ஸுக்குள்ளேயே உருவானது. கிட்டத்தட்ட வெளியிடும் நிலையில், நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அதைத் தன் பெயரில் விற்க வேண்டாம் என்று முடிவெடுத்து ரோகு என்ற தனிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். நாமே பெட்டி விற்றால் மற்ற பெட்டிக்காரர்கள் நம்மைப் போட்டியாகப் பார்ப்பார்கள், நம் சேவையைத் தங்கள் பெட்டியில் ஏற்ற யோசிப்பார்கள் என்பது கணக்கு. சோனியும் மைக்ரோசாஃப்டும் பெட்டியையும் சரக்கையும் ஒன்றாகக் கட்டிவைக்கப் பார்த்த அதே காலத்தில், மூன்றாவது ஒருவர் இரண்டையும் வேண்டுமென்றே பிரித்தார். யார் கணக்கு சரி என்று பின்னால் வந்த வருடங்கள் காட்டின.

நின்டெண்டோ வீ பற்றி ஒரு வரி போதும்: 250 டாலர், டிவிடிகூட ஓடாது, 2008-ல் படம் பார்ப்பவர் கணக்கிலேயே வராது. பழைய கம்ப்யூட்டரை டிவியில் மாட்டுவது எந்தத் தடையும் இல்லாத வழிதான். ஆனால் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்க வீட்டில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

என்னைக் கேட்டால், அன்று கேம் முக்கியம் என்றவர் தனக்குப் பிடித்த கேம் எதில் இருக்கிறதோ அந்தப் பெட்டியை வாங்கிவிட்டு, படத்துக்கு நூறு டாலர் ரோகுவை எடுத்திருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸும் ரோகுவும் சேர்த்தே 300 டாலர், பிளேஸ்டேஷனை விடக் குறைவு, நெட்ஃபிளிக்ஸில் உள்ள படங்களுக்குப் பெட்டி சார்ந்த தடையும் இல்லை. படத்தின் தரம் பெரிது, நல்ல டிவி இருக்கிறது, டிஸ்க் வாங்கத் தயங்க மாட்டேன் என்றவருக்கு பிளேஸ்டேஷன் 3. எக்ஸ்பாக்ஸ் ஒன்றை மட்டும் வைத்து எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்பது, விளம்பரத்தில் அழகாக இருந்தாலும், மூன்றில் கடைசி இடம்தான். ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸும் கோல்டும் வைத்திருந்தவருக்கு மட்டும் அது கிட்டத்தட்ட இலவசமாக வந்த வசதி, அவர் குறை சொல்ல அதிகம் இல்லை.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். 2009 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3-க்கு நெட்ஃபிளிக்ஸ் வந்தது, ஆனால் ஆப்பாக இல்லை, ஒரு டிஸ்க்காக. நெட்ஃபிளிக்ஸ் உங்களுக்கு ஒரு புளூ-ரே தட்டு அனுப்பும், படம் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அதை உள்ளே போட வேண்டும். இணையத்தில் பார்க்கத் தட்டு எதற்கு என்று கேட்டால், மைக்ரோசாஃப்டோடு இருந்த ஒப்பந்தத்தைச் சுற்றிக்கொண்டு போகத்தான் என்று அப்போது பலரும் சொன்னார்கள். நம்பக்கூடிய விளக்கம்தான், வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. 2010 வசந்தத்தில் வீ-க்கும் இதே மாதிரி தட்டு வந்தது. அந்த அக்டோபரில் இரண்டுக்கும் தட்டில்லாத ஆப் வந்துவிட்டது. 2012 கடைசியில் நெட்ஃபிளிக்ஸே சொன்னது: டிவியில் தங்கள் படங்கள் அதிகம் பார்க்கப்படும் கருவி பிளேஸ்டேஷன் 3. நெட்ஃபிளிக்ஸை முதலில் உள்ளே விட்ட எக்ஸ்பாக்ஸ் கோல்டு கேட்டை அப்படியே வைத்திருந்தது, 2014 ஜூனில்தான் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்தது.

ஆனால் ரோகு மாதிரி நடுநிலைப் பெட்டி வாங்கியவரும் முழுக்கத் தப்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெட்ஃபிளிக்ஸுக்கு சோனி படங்களில் பல நேரடியாக வரவில்லை, ஸ்டார்ஸ் என்ற கட்டணச் சேனல் வழியாக வந்தன. 2011 ஜூனில் அந்த சோனி படங்கள் ஒட்டுமொத்தமாக நெட்ஃபிளிக்ஸிலிருந்தே காணாமல் போயின, எந்தப் பெட்டியாக இருந்தாலும். சோனிக்கும் ஸ்டார்ஸுக்கும் இடையே இருந்த ஒப்பந்தத்தில் இத்தனை பேருக்கு மேல் இணையத்தில் காட்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது, நெட்ஃபிளிக்ஸ் வளர்ந்ததில் அது தாண்டிப்போய்விட்டது. அடுத்த பிப்ரவரி முடிவில் ஸ்டார்ஸே மொத்தமாக வெளியேறியது. அதாவது ரோகு உங்களைப் பெட்டிச் சண்டையிலிருந்து காப்பாற்றும், உரிமச் சண்டையிலிருந்து காப்பாற்றாது. இரண்டிலிருந்தும் காப்பாற்றியது அலமாரியில் இருந்த டிஸ்க் மட்டும்தான்.

இன்றைக்கு வருவோம். 2008-ல் நடந்த அதே மாதிரித் தடை இப்போது கேம் பெட்டிகளில் பெரிதாக இல்லை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டிலும் நெட்ஃபிளிக்ஸ், பிரைம், டிஸ்னி, ஆப்பிள் டிவி எல்லாம் ஓடுகின்றன, சோனி படங்கள் நெட்ஃபிளிக்ஸ் வழியாக எக்ஸ்பாக்ஸிலும் வருகின்றன. 2021-ல் சோனி வாங்கிய ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) சேவையான கிரஞ்சிரோல்கூட எக்ஸ்பாக்ஸில் இருக்கிறது. கம்பெனிகள் திருந்திவிட்டன என்று அர்த்தமில்லை. டிஸ்னி, வார்னர் போலப் பெரிய ஸ்ட்ரீமிங் சேவை சோனிக்குச் சொந்தமாக இல்லாததால், படத்தைப் பலருக்கும் விற்பதில்தான் அதற்கு லாபம். விதிவிலக்கு சோனி பிக்சர்ஸ் கோர் என்ற சேவை. 2023-லிருந்து பிளேஸ்டேஷனில் இருக்கிறது, எக்ஸ்பாக்ஸில் இல்லை. அதற்காக யாரும் பெட்டி மாற்றப் போவதில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் மட்டும் தனி ரகம், 2017-ல் வந்ததிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் ஆப் அதற்கு வரவே இல்லை, படத்துக்காக அதை வாங்காதீர்கள்.

சண்டை இப்போது குட்டிப் பெட்டிகளுக்குப் போய்விட்டது. 2015-ல் அமேசான் தன் கடையில் ஆப்பிள் டிவி பெட்டியையும் கூகுளின் குரோம்காஸ்ட்டையும் விற்பதை நிறுத்தியது, பிரைம் வீடியோ ஆப்பிள் டிவிக்கு வர 2017 டிசம்பர் ஆனது. கூகுள் பதிலுக்கு 2018 பிறக்கும் சமயத்தில் அமேசானின் ஃபயர் டிவியிலிருந்து யூடியூபை எடுத்தது, 2019 ஜூலையில்தான் திரும்பி வந்தது. வார்னரின் எச்பிஓ மேக்ஸ் சேவை 2020 மே மாதம் வந்தது, ரோகுவில் ஏற டிசம்பர் ஆனது. ஆகவே ரோகு, ஃபயர், கூகுள், ஆப்பிள் என்று எதை வாங்கினாலும் அதன் முதலாளிக்கு யாரோடு வம்பு என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நூறு டாலருக்குக் கீழ் உள்ள, டிவியில் செருகும் குச்சி ஏமாற்றினால் இன்னொரு குச்சி வாங்கிவிடலாம், ஐந்நூறு டாலர் பெட்டி ஏமாற்றினால் அப்படி முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே படத்தைக் கேம் பெட்டியோடு கட்டிவைக்க வேண்டாம் என்பேன். தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். நீங்கள் சந்தா கட்டும் தமிழ்ச் சேவைக்கு அந்தப் பெட்டியின் ஸ்டோரில் ஆப் இருக்கிறதா என்று கடைக்குப் போவதற்கு முன்பே தேடிப் பாருங்கள், நெட்ஃபிளிக்ஸ் இருந்தால் எல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு: கேம் பெட்டியின் சொந்தக் கடையில் படத்தைக் காசு கொடுத்து "வாங்குவது". சோனி 2021 ஆகஸ்ட் 31-ஓடு பிளேஸ்டேஷன் ஸ்டோரில் படம் விற்பதை நிறுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், ஸ்டூடியோகெனால் என்ற ஸ்டூடியோவின் படங்களை ஏற்கெனவே வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அவை நீக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் தன் படக் கடையை மூடியது. வாங்கியவை இன்னும் ஓடுகின்றன, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் அந்தக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் என்றால் டிஸ்க். அங்கேதான் இரண்டு பெட்டிகளுக்கும் உண்மையான வித்தியாசம் வருகிறது. டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, டிரைவ் உள்ள சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே புளூ-ரே ஓட்டும். ஸ்ட்ரீமிங்கில் டால்பி விஷன் என்ற உயர்தரக் காட்சி முறை வேண்டும் என்றால் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 5-ல் அது கிடையாது. சாதாரண புளூ-ரேக்கு எந்தப் பகுதிக் கருவியில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறி உண்டு, அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி, ஊர் மாறி வாங்குகிறவர்கள் உறையைத் திருப்பிப் பாருங்கள்; 4கே தட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. காசு இடிக்கிறது, இப்போதைக்கு டிரைவ் இல்லாத மாடல்தான் முடியும் என்றால், 2023 நவம்பரில் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-ஐ எடுங்கள், அதற்கான டிரைவைப் பின்னால் தனியாக வாங்கி நீங்களே பொருத்திக்கொள்ளலாம். பழைய 2020 டிஜிட்டல் மாடலிலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-லும் அது நடக்காது, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் முதலில் மாடலைக் கேளுங்கள்.